நாலாவது போல்ட்

கர்நாடகா பாதாமில சிவப்பு மணற்கல் பாத்திருப்பீங்க, சாளுக்கியர் குகைக்கோயில் குடைஞ்ச அதே கல்லு. கோயில் பக்கமெல்லாம் தொல்லியல் துறை எடம், அங்க ட்ரில் எடுத்துட்டுப் போனா தூக்கி உள்ள வெச்சிருவாங்க, அதனால பாறை ஏற புதுசா ஒரு ரூட் போட நாங்க ரொம்பத் தள்ளி ஒரு பாறையப் புடிச்சோம். 18 மீட்டர்தான், ஆனா மேல போகப் போக நம்ம மேலயே சாயுது. உச்சிலேர்ந்து கயித்த விட்டா அடியில பாறைக்கும் கயித்துக்கும் 6 மீட்டர் இடைவெளி.

அங்கதான் தலைவலியே. நேர் செவுருன்னா இறங்கிக்கிட்டே ஓட்டை போட்டுட்டு வந்துரலாம். இதுல அந்தரத்துலதான் தொங்குவோம், பாறை கைக்கே எட்டாது, அங்கங்க ஹூக் மாட்டி உடம்ப உள்ள இழுத்துக் கட்டிக்கணும். சுத்தியால தட்டிப் பாத்து ‘ணங்’குனு வந்தா ட்ரில், ‘டொப்’புனு வந்தா உள்ள பொள்ளல், நகந்துரணும். ஏறுறவன் விழுந்தா கயித்தோட தாங்குறது பாறைல பதிச்ச போல்ட்தான், மெத்துக் கல்லுங்கறதால அத பசை போட்டு ஒட்டணும். 12 மில்லி ஓட்டை, பம்ப்பு, பிரஷ்ஷு, மறுபடி பம்ப்பு, தூசி இருந்தா பசை கல்லுல ஒட்டாது, தூசிலதான் ஒட்டும். ரெண்டு நாளைக்கு எச்சி துப்பினா வெத்தல போட்ட மாதிரி செவப்பு.

நாலாவது போல்ட்டுக்கு எடம் குறிச்சது நான். ஃப்ரெண்டு கேட்டான், “டேய், கீழருந்து ஏறி வர்றப்ப எட்டுமாடா?” “எட்டும் மச்சி.” கயித்துல சொகமா தொங்கிட்டுப் பாத்தா எல்லாந்தான் எட்டும்.

மறுநாள் லீட் ஏறுறேன், அதாவது கயித்த கீழருந்து கூடவே கொண்டு போயி ஒவ்வொரு போல்ட்டுலயும் மாட்டிக்கிட்டே, வலது கையில ரெண்டு விரல் ஒரு குழியில, இடுப்பு வெளிய இழுக்குது, இடது கையால கயித்த வாரி நாலாவது போல்ட்டு கொக்கில மாட்டப் போனா அரை அடி எட்டல. கயித்தப் பல்லுல கடிச்சுக்கிட்டு திரும்ப ஒரு வாட்டி, விரல் வழுக்கி போயே போச்சு. சாஞ்ச பாறைல ஒரு நல்லது, விழுந்தா மோத ஒண்ணும் இல்ல, ஊஞ்சலாடி நின்னேன். கீழருந்து ஒரே சிரிப்பு.

பேசாம ட்ரில்லத் தூக்கிட்டு மேல போயி, ரெண்டடி இடது பக்கம் புதுசா ஒண்ணு அடிச்சு, பழச அறுத்து எடுத்துட்டு பசையும் மணலும் கொழச்சு அடைச்சோம். கிட்ட போனாதான் தெரியும், எனக்கு மட்டும் கீழருந்தே தெரியுது.

நடுவுல மழை வேற. ஈர மணற்கல்லுல ஏறினா புடியே பேந்து கையோட வந்துரும், ஜோள ரொட்டி தின்னுட்டு சும்மா கெடந்தோம். காஞ்சப்புறம் ஒம்பதாவது முயற்சில நிக்காம மேல போயிட்டேன். கஷ்டத்துக்குப் போடுற கிரேடுல 7ஏ இருக்கும். அதே ஊர்ல கணேஷாங்கற ரொம்பக் கஷ்டமான ரூட்ட ஏறுற ஆளுங்களுக்கு இது வார்ம்அப், இருக்கட்டும்.

ரூட்டுக்கு பேரு வெச்சது ஃப்ரெண்டு: ‘எட்டும் மச்சி’.