பத்து மணிக்கு மேல் பாட்டு கிடையாது

காதுக்குள் இன்னும் ‘ஙொய்ய்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாட்டுக் கேட்டு வந்த இரைச்சல் என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். இது நேற்று ராத்திரி போன மெட்டல் கச்சேரியில், ஆரம்பிக்கும் முன் மைக்கைச் சோதிக்கிற சவுண்ட் செக்கில் வந்தது. எட்டு மணி என்று டிக்கெட்டில் போட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ‘செக், செக், ஒன், டூ’ மட்டும்தான். ஆளுக்கு 999 ரூபாய். அந்தப் பையனுக்கு மூன்று என்று ஒரு எண் இருப்பதே தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

டிக்கெட் எடுத்தது என் வீட்டுக்காரர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்டில் மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் பேண்டை நேரில் பார்த்தவர் எங்கள் குடும்பத்தில் இவர் ஒருவர்தான். இரண்டு நாள் முன்னால் குர்காவோனில் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தாகிவிட்டதால், இந்தியாவில் அவர்கள் வாசித்த முதல் ஊர் என்ற பெருமை பெங்களூருக்குத்தான் என்பதைக் கல்யாணப் பந்தியில், பாங்க் வரிசையில், ஒரு தடவை பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேகூடச் சொல்லியிருக்கிறார். டாக்டர் பாவம், பல்லைப் பிடுங்குவதா கதையைக் கேட்பதா என்று நின்றார். அன்றிலிருந்து எந்த மேடையைப் பார்த்தாலும் இவருக்கு அரைக் கண்தான் திறக்கும்.

நேற்றுப் போனதற்குக் காரணம் சின்னவள். அவள் ஆபீஸில் கூட வேலை செய்யும் ஒரு பையன் இந்த பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். பகலில் ஜாவா, ராத்திரி மெட்டல். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான், ஒரு லேப்டாப் பை, ஒரு கிட்டார் பை. வந்து கைதட்ட ஆள் வேண்டும் என்றானாம். சரி, போய்த் தட்டிவிட்டு வருவோம் என்று கிளம்பினோம்.

இடம் இந்திராநகர், மொட்டை மாடி கிளப். பன்னிரண்டாவது மெயின் ரோட்டில் சனிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அன்றைக்கே லாட்டரியும் வாங்கிவிடலாம். அதனால் வழக்கம்போல சித்தி வீட்டு வாசலில் விட்டோம். சித்தி வெளியே வந்து எட்டிப் பார்த்து, “எங்கடி கிளம்பியாச்சு?” என்றாள். “ஒரு கச்சேரி” என்றேன். “யாரு பாடுறாங்க?” இவர் முந்திக்கொண்டு, “எல்லாம் நம்ம பெங்களூர் பசங்கதான் அத்தை” என்றார். சித்திக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “உள்ளூர்ப் பிள்ளைங்களை நாமதான் ஆதரிக்கணும் மாப்பிள்ளை. வரும்போது சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

சித்தியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சித்தப்பா எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் இருந்தபோது அந்த மனையை வாங்கினார். அப்போதெல்லாம் ராத்திரியில் நரி ஊளையிடும் என்பாள். இப்போது தெருவின் இந்த முனையில் ஒரு பப், அந்த முனையில் பீர் காய்ச்சுகிற கடை, நடுவில் சித்தியின் செம்பருத்திச் செடி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45, பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியைக் கந்த சஷ்டி கவசம் மாதிரி மூச்சுவிடாமல் சொல்லுவாள். டெசிபல் பார்க்கப் போனில் ஒரு ஆப்பும் வைத்திருக்கிறாள். 2018-இல் உரிமம் இல்லாத பப்களில் நேரடி இசை கூடாது என்று போலீஸ் கெடுபிடி செய்தபோது இந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானே குடித்திருக்கிறேன், சேமியா.

கிளப்பில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மொட்டை மாடியில் எதற்குத் தூண் என்று கட்டியவனைத்தான் கேட்க வேண்டும், எனக்கு அந்தத் தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. தூணைத் தாண்டி எட்டிப் பார்த்தால் ஆறடி உயரத்தில் ஒருவன், முதுகில் பையோடு. அந்தப் பையை இனி எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லுவேன். கறுப்பு, இடது பக்க ஜிப் பிய்ந்து ஊக்குப் போட்டிருக்கிறது, ஊக்கில் ஒரு பச்சை பிளாஸ்டிக் ஆமை. அவன் தலையை ஆட்டும்போதெல்லாம் ஆமை வந்து என் கன்னத்தில் இடித்தது. பக்கத்தில் ஒரு பெண் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் திரையில்தான் நான் மேடையைப் பார்த்தேன். அவள் திடீர் திடீரென்று கேமராவைத் தன் பக்கம் திருப்பிவிடுவாள். பாடகன் போய் லிப்ஸ்டிக் வந்துவிடும்.

தரையெல்லாம் பீர் சிந்திப் பிசுபிசுத்து, காலை எடுத்தால் செருப்பு வரவில்லை. வேர்க்கடலை மசாலா 340 ரூபாய். வெங்காயத்தை எண்ணித்தான் போட்டிருந்தார்கள்.

ஒன்பது இருபதுக்கு ஆரம்பித்தார்கள். டிரம்ஸ் மட்டும்தான் கேட்டது. பாடகன் வாயைத் திறந்து மூடியது கேட்கவில்லை, நரம்பு புடைத்ததை மட்டும் போன் திரையில் பார்த்தேன். சின்னவளின் பேஸ் கிட்டார் பையன் தன் பங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ செய்தான். இவர் கையைக் கட்டிக்கொண்டு, “மிக்ஸிங் சரியில்லை” என்றார். ஒவ்வொரு பாட்டுக்கும் சொன்னார். சின்னவள் அப்பாவைத் தெரியாதவள் மாதிரி நான்கு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அப்புறம் ஒரு வழியாகக் கூட்டம் சூடேறி, பேஸ் பையனின் தனி ஆவர்த்தனம் வருகிற நேரம். பாடகன் மைக்கைத் தூக்கிப் பிடித்து, “பெங்களூரு, மேக் சம் நாய்ஸ்!” என்று கத்தினான். சரியாக அந்த நொடியில் படியேறி இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை போல, பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான், “பந்த் மாடி” என்று கன்னடத்தில் நிறுத்தச் சொன்னார். கீழே ஹொய்சளா என்கிற போலீஸ் ரோந்து வண்டியின் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஓடிவந்து, “சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி”, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள் என்று கெஞ்சினார். அவர் மாடவில்லை.

ஸ்பீக்கரையெல்லாம் அணைத்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு பாட்டு, மைக் இல்லாமல் என்று கெஞ்சி அனுமதி வாங்கினான் பாடகன். அவ்வளவு கூட்டமும் ஒருவரை ஒருவர் ‘உஷ்’ என்று அடக்கியது. டிரம்ஸ்காரன் குச்சியை வைத்துவிட்டு விரலால் தட்டினான். பார்த்தால் அந்தப் பையனுக்கு நல்ல குரல்! நிஜமாகவே நல்ல குரல். இவர்கூடக் கட்டிய கையை அவிழ்த்தார். இரண்டாவது சரணத்தில் கிச்சனில் யாரோ மிக்ஸியைப் போட்டார்கள். அத்தோடு மேனேஜர் டியூப் லைட்டைப் போட்டு எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டார்.

சித்தி வீட்டுக் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள், கையில் போன். “ஏண்டி, இன்னைக்குப் பத்து அடிச்சதும் 112-க்குப் போட்டேன். பன்னிரண்டே நிமிஷத்துல ஹொய்சளா வந்துட்டான் தெரியுமா?” இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேலஸ் கிரவுண்ட் வீரர் ஒரு வார்த்தை பேசாமல் தட்டின் முன் உட்கார்ந்தார். தக்காளி ரசம், சுட்ட அப்பளம். சின்னவளுக்குத்தான் பொறுக்கவில்லை, “பாட்டி, அது நாங்க போன கச்சேரிதான்” என்று போட்டு உடைத்துவிட்டாள்.

சித்தி கரண்டியோடு அப்படியே நின்றாள். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். “எத்தனை மணிக்குன்னு டிக்கெட்டுல போட்டிருந்தான்?” எட்டு. “எப்ப ஆரம்பிச்சான்?” ஒன்பது இருபது. “டிக்கெட் எவ்வளவு?” சொன்னோம். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய் சித்தப்பாவின் பழைய எழுத்து அட்டையையும் நான்கு வெள்ளைத் தாளையும் எடுத்து வந்தாள். “எட்டுக்கு ஆரம்பிச்சிருந்தா பத்துக்குள்ள பிள்ளைங்க முழுசாப் பாடியிருப்பாங்க இல்ல? நுகர்வோர் கமிஷன்ல போடலாம் மாப்பிள்ளை. அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்.”

இவர் ரசம் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, “முதல்ல மிக்ஸிங் பத்தி எழுதுங்க அத்தை” என்று ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து சேரும்போது ஒன்றரை மணி. வேர்க்கடலை மசாலாவைத் தனிப் பத்தியாகச் சேர்க்கச் சொன்னது நான்தான்.