பொத்தானை வரைவது யார்?

புதிதாக வேலைக்கு வருபவர்களை நேர்காணல் செய்யும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் எழுதிய செயலியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் திரையில் வரைவது யார்?" ஒரே நிரலிலிருந்து இரு வகைப் போன்களுக்கும் செயலி செய்ய உதவும் கட்டமைப்புகளான ஃபிளட்டரிலும் ரியாக்ட் நேட்டிவிலும் சரளமாக எழுதக்கூடியவர்கள்கூட இந்த இடத்தில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறையாகக் கருதுவதில்லை; யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வேன். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஒரே நிரலை எழுதும் இந்தத் தொழிலில், நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கான விடையிலிருந்தே கிளைத்தவை.

ஆரம்ப காலத்து விடை எளிமையானது. 2009இல் வந்த ஃபோன்கேப் என்ற கருவி, முகவரிப் பட்டை இல்லாத ஓர் உலாவியைச் செயலிக்குள் வைத்து, வலைப்பக்கத்தையே செயலியாகக் காட்டியது. பொத்தானை வரைந்தது உலாவி. படிவம் நிரப்பும் செயலிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அதே வழியில் வந்த அப்பாச்சி கோர்டோவா இன்றும் இருக்கிறது.

2015இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் வேறு பாதையில் போனது. நாம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் 'இங்கே ஒரு பொத்தான்' என்று எழுதினால், ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டின் சொந்தப் பொருளையும் ஐபோனில் ஐபோனின் சொந்தப் பொருளையும் அது உருவாக்கச் சொல்லும். எது எங்கே, எவ்வளவு அகலத்தில் அமைய வேண்டும் என்பதை யோகா என்ற நிரல் கணக்கிடும். நம் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் இழை, அதாவது நிரல் வரிசையாக ஓடும் தடம், வேறு. திரையைக் கவனிக்கும் முதன்மை இழை வேறு. தொடக்க காலப் பதிப்புகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் இருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் எழுதி, கட்டாகக் கட்டி, கடிதம்போல் மறுபக்கத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்கும் வழக்கம் அங்கே இல்லை.

அந்தப் பாலத்தின் அருமையும் தொல்லையும் எங்களுக்குப் புரிந்தது, வீடுவீடாகப் பொட்டலம் கொண்டுசேர்க்கும் ஊழியர்களுக்காக ஒரு செயலி செய்தபோதுதான். அன்றைய பொட்டலங்கள் அனைத்தும் ஒரே நீண்ட பட்டியலாக இருக்கும். குறைந்த விலைப் போனில் அதை வேகமாக உருட்டினால் வரிகளுக்குப் பதில் வெள்ளைத் திரை தெரிந்தது. அரை நொடி கழித்துத்தான் பெயர்கள் வந்து நிரம்பின. உருட்டலைச் செய்வது இயங்குதளம். அது விரலின் வேகத்துக்கு ஓடிவிடுகிறது. புதிய வரிகளில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதோ ஜாவாஸ்கிரிப்ட். விரல் நகர்ந்த செய்தி பாலத்தைக் கடந்து வந்து, கணக்கு முடிந்து, விடை திரும்பிப் போக வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரை ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒருமுறை வரைவதற்கு, தருவது ஏறத்தாழ 16 மில்லிவினாடிதான். விலை உயர்ந்த போனில் சோதித்தவர்களுக்கு இது கண்ணிலேயே படவில்லை. வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு அடுத்த முகவரியைத் தேடும் மனிதருக்குத்தான் பட்டது.

வரிகளின் உயரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். செயலி ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருக்கத் தேவையில்லாமல் போனது. அசைவூட்டங்களைத் தொடங்கும்போதே இயங்குதளத்தின் பொறுப்பில் விட்டோம். ஒவ்வொரு வரியையும் எளிமையாக்கினோம். பெயர்கள் வேறாக இருந்தாலும் செய்த வைத்தியம் ஒன்றே: பாலத்தின் மேல் போக்குவரத்தையும், அக்கரையில் நடக்கும் கணக்கையும் குறைப்பது.

பின்னாளில் அந்தப் பாலத்தையே எடுத்துவிட்டார்கள். புதிய அமைப்பில் ஜாவாஸ்கிரிப்ட், சி++ மொழியில் எழுதிய பொருள்களை நேரடியாகப் பிடித்து அழைக்க முடிகிறது. 2024இல் வந்த 0.76 பதிப்பிலிருந்து இதுவே இயல்பு நிலை. உலகெங்கும் செயலிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடித்தளத்தை மாற்றிய அந்தப் பொறியாளர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

கூகுளின் ஃபிளட்டர் (முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது) தரும் விடை துணிச்சலானது. இயங்குதளத்திடம் ஒரு வெற்றுத் திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, அதில் ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது. வெளியீட்டுக்குப் போகும்போது, ஃபிளட்டரின் மொழியான டார்ட்டில் எழுதிய நிரல் முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டுவிடும். உருவாக்கும் கட்டத்திலோ, ஒரு வரியைத் திருத்திய மறுகணமே மாற்றம் திரையில் தெரியும். அந்த வசதிக்குப் பழகியவர்கள் எளிதில் விடமாட்டார்கள்.

ஆனால் தானே வரைவதற்கு ஒரு விலை உண்டு. அங்கே இருப்பது பொத்தான் என்று இயங்குதளத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது நிறப்புள்ளிகள் மட்டுமே. பார்வையற்ற ஒருவர் டாக்பேக் என்ற, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு வசதியின் உதவியோடு அந்தத் திரையைத் தொட்டால் என்ன கேட்கும்? இதற்காகவே ஃபிளட்டர், எது பொத்தான், எது எழுத்து என்று பொருள் விளக்கும் மரம்போன்ற பட்டியல் ஒன்றைத் தனியாகக் கட்டி இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. நாமே கோடு கோடாக வரைந்த அழகான ஒரு பொத்தானுக்கு அந்த மரத்தில் பெயர் கொடுக்காவிட்டால், அவரைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை. எங்கள் குழுவில் திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் செயலியை ஒருமுறை முழுதாகப் பயன்படுத்திப் பார்க்காமல் எதையும் வெளியிடுவதில்லை. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தமிழ் எழுத்துக்கும் இதே கவனிப்பு தேவை. 'தமிழ்' கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. ஜாவாஸ்கிரிப்டிலும் டார்ட்டிலும் நீளம் கேட்டால் 5 என்றுதான் விடை வரும். பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டும் வழக்கம் பல செயலிகளில் இருக்கிறது. முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுத்தால் சீதாவின் வட்டத்தில் 'ச' நிற்கும். டார்ட்டில் இதற்கென்றே எழுத்தெழுத்தாக எண்ணும் தொகுப்பு இருக்கிறது; அதைப் பயன்படுத்தினால் 'சீ' முழுதாக வரும். ஒருவருடைய பெயரை அரைகுறையாகக் காட்டும் உரிமை நமக்கு இல்லை.

எந்தக் கட்டமைப்பும் மூட முடியாத இடங்களும் உண்டு. அதே பொட்டலச் செயலியில், ஊழியர் எங்கே இருக்கிறார் என்று போன் சட்டைப்பையில் இருக்கும்போதும் தெரிய வேண்டும் என்றார்கள். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் இருக்கும் செயலிக்கு இருப்பிடம் மணிக்குச் சில முறை மட்டுமே கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால், அறிவிப்புப் பட்டையில் பயனருக்குத் தெரியும்படி ஒரு சேவையை ஓட்ட வேண்டும். ஐபோனின் அனுமதி முறையோ முற்றிலும் வேறு. ஆகவே அந்தப் பகுதியை அந்தந்தத் தளத்தின் சொந்த மொழிகளில், ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினிலும் ஐபோனுக்கு ஸ்விஃப்டிலும் தனித்தனியாக எழுதினோம். "ஒரே நிரல் என்றுதானே சொன்னீர்கள் சார், இப்போது இரண்டு முறை எழுதுவதாகச் சொல்கிறீர்களே?" என்று வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. திரைகள் ஒன்று, கணக்குகள் ஒன்று, ஆனால் போனின் உடம்பைத் தொடும் இடம் இரண்டு என்று வரைந்து காட்டினேன். அடுத்த திட்டத்தின் மதிப்பீட்டில் அந்தப் பகுதிக்கு அவரே தனி வரி சேர்த்திருந்தார்.

2018இல் தங்குமிட முன்பதிவு நிறுவனமான ஏர்பிஎன்பி ரியாக்ட் நேட்டிவைக் கைவிட்டதை இன்றும் பலர் உதாரணமாகச் சொல்வார்கள். அவர்களிடம் இரண்டு தளங்களுக்கும் பெரிய குழுக்கள் ஏற்கெனவே இருந்தன. மூன்றாவதாக இன்னொன்றையும் பராமரிக்கும் சுமை சேர்ந்துகொண்டது. ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே நிரல்தான் இரண்டு செயலிக் கடைகளிலும் ஒரே நாளில் செயலியைச் சேர்க்கும் வழி.

இப்போது எங்களிடம் சேர்பவர்களுக்கு முதலில் திரை வேலை தருவதில்லை. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் மீதம் இருக்கிறது என்பதைக் கோட்லினிலும் ஸ்விஃப்டிலும் கேட்டு வாங்கி டார்ட்டிடம் ஒப்படைக்கும் சிறு இணைப்பு ஒன்றை எழுதச் சொல்கிறோம். அதை முடித்தவர்களிடம்தான் இருப்பிடம் அறியும் பகுதியை ஒப்படைக்கிறோம்.