அக்கரைக் குடியரசில் வெந்நீர் இல்லை

வெந்நீர் எல்லோருக்கும் உரிமை என்று அரசியல் சாசனத்தின் இரண்டாவது விதியிலேயே எழுதி வைத்திருக்கும் நாட்டுக்குப் போய், இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் மூக்கு ஒழுகுகிறது. அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நாடு என்றால் ஐ.நா. சபையில் இடம் பிடித்த நாடு இல்லை. லித்துவேனியத் தலைநகர் வில்னியஸுக்குள், பழைய நகரத்தை ஒட்டி, வில்னேலே என்ற சின்ன ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஒரு பேட்டைதான். பெயர் உஜுபிஸ். ஆற்றுக்கு அப்பால் என்று அர்த்தமாம். நம் பாஷையில் ‘அக்கரை’. ஒரு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது, ஏழாயிரம் பேர் இருப்பார்கள். 1997 ஏப்ரல் 1 அன்று, ஆமாம், முட்டாள்கள் தினத்தன்று, அங்கே வாழ்ந்த கலைஞர்கள் கூடி ‘நாங்கள் தனிக் குடியரசு’ என்று அறிவித்துவிட்டார்கள். ஜனாதிபதி, மந்திரிகள், கொடி, சாசனம் எல்லாம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ராணுவம்கூட ஒரு காலத்தில் இருந்ததாம்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். முயற்சி செய்கிறேன்.

தம்பி லாட்வியத் தலைநகர் ரிகாவில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில், “அக்கா, நாலு மணி நேரம்தான், ஒரு பொய் நாட்டுக்குப் போய்வரலாமா?” என்றான். செப்டம்பர் கடைசி வாரம். பஸ்ஸைப் பற்றி ஒரே வரி: கழிப்பறை பூட்டியிருந்தது, நான் ரிகாவில் இரண்டு காபி குடித்திருந்தேன்.

வில்னியஸ் பஸ் நிலையத்தில் இறங்கும்போது தூறல். ஆப்பில் வண்டி பிடிக்கலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் வாசலில் நின்ற டாக்ஸியில் பெட்டியை ஏற்றிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு 25 யூரோ! மீட்டரைத் துணியால் மூடி வைத்திருந்த அந்த மனிதர், ஒரு தேவாலயத்தை இரண்டு தடவை காட்டினார். முதல் தடவை இடப்பக்கம் வந்தது, அடுத்த தடவை வலப்பக்கம். யூரோவை நூறால் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை. அந்த இரவு தூக்கம் வராததற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. நீங்கள் நடந்தே போங்கள், இருபத்தைந்து நிமிஷம்தான்.

பாலத்தருகே எல்லைப் பலகை. நான்கு படங்கள்: ஒரு சிரித்த முகம், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்ற அறிவிப்பு, மோனாலிசா, ஆற்றுக்குள் விழும் கார். பாலத்தைத் தாண்டியவுடன் கரையில் ஒரு கஃபே. நாடாளுமன்றமும் அதுதான் என்கிறார்கள். சபை நடக்கும் இடத்தில் பியர் கிடைப்பதால் கூட்டம் குறைவதில்லை போல. பாலத்துக்கு அடியில் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். ஆறடி உயரத் தம்பி அதில் ஏறி ஷூவை நனைத்துக்கொண்டான். கரைச் சுவர் மாடத்தில் வெண்கலக் கடற்கன்னி உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண்ணைப் பார்த்தவர்கள் இங்கேயே தங்கிவிடுவார்கள் என்று நம்பிக்கை. அறை வாடகை இரவுக்கு 58 யூரோ, எனவே நான் பார்க்கவில்லை.

சதுக்கத்தின் நடுவே உயரமான தூணில் எக்காளம் ஊதும் தேவதை நிற்கிறது. 2002 ஏப்ரல் 1 அன்று திறந்தது. அதற்கு முன்பு அங்கே வெறும் முட்டைச் சிற்பம் இருந்ததாம். முட்டையிலிருந்து தேவதை வந்தாயிற்று என்று முட்டையை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். கொடி பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும். நடுவில் ஓட்டை விழுந்த உள்ளங்கை. லஞ்சம் வாங்கினாலும் கையில் நிற்காது என்று விளக்கம் கேள்விப்பட்டதும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

ஏப்ரல் 1 அன்று வந்தால் பாலத்தில் ‘எல்லைக் காவலர்கள்’ நின்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். மற்ற நாட்களில் நினைவுப் பொருள் விற்கும் இடத்தில் குத்திக்கொள்ளலாம். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு மட்டும் 90 யூரோ கட்டி, வங்கிக் கணக்கு முதல் சம்பளச் சீட்டு வரை கொடுத்து வாங்கிய விசா இருக்கும் பாஸ்போர்ட்டில் விளையாட்டு முத்திரையா? நான் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சரி, சாசனம். பௌபியோ தெருவில் ஒரு நீளமான சுவர் முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மொழி. படிக்கும்போது நம் முகமும் எழுத்தோடு சேர்ந்து தெரிகிறது. தமிழ் இருக்கிறதா என்று வரிசையாகத் தேடிக்கொண்டு போனேன், பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஜனாதிபதி ரோமாஸ் லிலெய்கிஸும் தோமாஸ் செபாய்டிஸும் 1998இல் எழுதியது. மொத்தம் 41 விதிகள். வில்னேலே ஆற்றங்கரையில் வாழ எல்லோருக்கும் உரிமை உண்டு, எல்லோரையும் கடந்து ஓட ஆற்றுக்கும் உரிமை உண்டு என்று ஆரம்பிக்கிறது. நாய்க்கு நாயாக இருக்க உரிமை உண்டு. பூனை தன் எஜமானரை நேசிக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் ஆபத்துக்கு உதவ வேண்டும். சும்மா இருக்க உரிமை, அழ உரிமை, ஒன்றும் புரியாமல் இருக்க உரிமை. அலுவலகச் சுவரில் மாட்டலாம் போலிருந்தது.

அந்த இரண்டாவது விதியை இணையத்தில் படித்தபோது நானும் சிரித்தேன். வெந்நீர், குளிர்காலத்தில் கணப்பு, ஓடு வேய்ந்த கூரை. நேரில் நின்று படித்தபோது சிரிப்பு வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்தப் பேட்டையில் யூதர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நாஜிகள் காலத்தில் அவர்களில் பெரும்பாலோரைக் கொன்று தீர்த்தார்கள். வீடுகள் ஆளில்லாமல் போயின. சோவியத் காலத்தில் யூதர்களின் கல்லறைக் கற்களைக்கூடப் பிடுங்கிப் படிக்கட்டுக்கும் சுவருக்கும் பயன்படுத்தினார்கள். மீட்ட கற்களை வைத்து ஓலாண்டு தெருவில் ஒரு நினைவிடம் இருக்கிறது. அங்கே போனபோது தம்பி கேமராவை எடுக்கவே இல்லை. பாழடைந்த வீடுகளில் போக்கிடம் இல்லாதவர்கள் குடியேறினார்கள், வாடகை மலிவு என்று கலைஞர்களும் வந்தார்கள். எதிர்க்கரையிலேயே நுண்கலைக் கல்லூரி. கூரை ஒழுகும் வீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுதிய சாசனத்தில் வெந்நீர் இரண்டாவதாக வருவதில் என்ன வேடிக்கை? இப்போது அதே தெருக்களில் கேலரிகளும் விலை உயர்ந்த ஃபிளாட்டுகளும். ஏழைக் கலைஞர் யாரும் அங்கே புதிதாக வாடகைக்கு வர முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் அறைக்கு வருகிறேன். குழாயைத் திறந்தால் ஐஸ். லித்துவேனியாவில் மூன்று நாள் தொடர்ந்து சராசரி வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கணப்புப் பருவம் தொடங்குமாம். அதனால் சுவரோரம் இருந்த ரேடியேட்டரும் ஜில்லென்றுதான் கிடந்தது. வீட்டுக்காரரை அழைத்து, “உங்கள் சாசனத்தின் இரண்டாவது விதி தெரியுமா?” என்று கேட்டேன். அவர் ரொம்ப மரியாதையாக, “தெரியும் அம்மா. தவறு செய்ய எல்லோருக்கும் உரிமை உண்டு என்று நாலாவது விதியும் சொல்கிறதே. பாய்லர்காரர் நாளைக்கு வருவார்” என்றார். கோபத்தை எங்கே வைப்பது? பாய்லர்காரர் வரவே இல்லை.

சாப்பாடு மட்டும் காப்பாற்றியது. செப்பெலினாய் என்று துருவிய உருளைக்கிழங்கில் செய்த பெரிய உருண்டை, உள்ளே கொத்துக்கறி, மேலே புளித்த கிரீமும் வறுத்த பன்றிக்கொழுப்பும். ஒரு தட்டில் இரண்டு, ஒன்று தின்றாலே மூச்சு முட்டுகிறது. ஆனால் என் ஓட்டு ஷால்டிபார்ஷ்சேய் என்ற ரோஜா நிற சூப்புக்குத்தான். பீட்ரூட் பச்சடியை மோர் ஊற்றித் தளரக் கரைத்து, வெள்ளரியும் சோயிக்கீரையும் போட்டால் எப்படி இருக்கும்? அதேதான். ஜில்லென்று கிண்ணத்தில், பக்கத்துத் தட்டில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு. ஒரு வாய் இது, ஒரு வாய் அது. பச்சைத் தண்ணீர்க் குளியல் முடித்து நடுங்கிக்கொண்டு போய் அதையும் ஜில்லென்று குடித்தேன் என்றால் ருசியைப் புரிந்துகொள்ளுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன். டாக்ஸியில் தம்பியின் பங்கு பன்னிரண்டரை யூரோவைக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னான்: “தன்னிடம் இல்லாததை யாரும் பகிர முடியாதுக்கா. சாசனத்துலயே இருக்கு, நீ பார்க்கலையா?”