ஐப்பசி மூக்கடைப்பும் அடுப்படிக் கரப்பானும்

ஐப்பசி பிறந்தால் கடலூர்ப் பக்கம் உப்பு ஜாடி தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். காற்றில் இருக்கிற ஈரத்தைக் கல் உப்பு இழுத்து இழுத்து, இரண்டே நாளில் அடியில் குட்டை கட்டும். மெத்தைக்குள் இருக்கும் டஸ்ட் மைட் உயிர் பிழைத்துக் கிடப்பதும் இதே வித்தையால்தான்.

மைட் என்பது சிலந்தி சாதியைச் சேர்ந்த எட்டுக்கால் உயிரி. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்குத் தெரியாது, மூட்டைப்பூச்சி மாதிரி கடிக்கவும் கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்னும். தண்ணீர் குடிக்கிற பழக்கமே அதற்குக் கிடையாது. முன்னங்கால் ஓரத்தில் உள்ள ஒரு சுரப்பி உப்புக் கரைசலைக் கசியவிடுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வாய்க்கு ஓடும். காற்று வறண்டுபோனால் அதே உப்பு படிந்து வாய்க்காலை அடைத்துவிடும். உள்ளே இருக்கிற ஈரமாவது மிஞ்சும். இவ்வளவு சாமர்த்தியமான பிராணியை ஒரு நாள் வெயிலில் தீர்த்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்துதான் போவோம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே வாரக்கணக்கில் நின்றால் காய்ந்து சாகும். 75, 80 சதவீதமும் 25 டிகிரி வெப்பமும் என்றால் அதற்குக் கல்யாண வீடு.

கடலூர் முதுநகரிலோ முத்தியால்பேட்டையிலோ மழை மாதத்தில் 50 சதவீதம் என்பது ஏசி அறைக்கு வெளியே நடக்காத காரியம். அதனால் மைட்டே இல்லாத வீடு என்ற கனவை விட்டுவிட்டு, அது விட்டுப்போகும், அலர்ஜியைக் கிளப்புகிற புரதத்தைக் குறைக்கிற வேலையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். பூச்சி செத்தாலும் அந்தப் புரதம் அங்கேயேதான் கிடக்கும். கரப்பானுக்கும் இதே கதை.

தும்மலும் இளைப்பும் பெரும்பாலும் மைட்டின் புழுக்கையால் வருபவை. ஒரு மைட் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 புழுக்கை போடும். ஒவ்வொன்றும் 10 முதல் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), கிட்டத்தட்ட பூந்தாதின் பருமன். அதற்குள் நிறைந்திருப்பது டெர் பி 1 என்ற செரிமான என்சைம். மூக்கின் ஈரத்தில் பட்ட சில நிமிடங்களில் கரைந்து, செல்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் புரதங்களையே வெட்டத் தொடங்கும். கதவைத் தானே உடைத்துக்கொண்டு உள்ளே வருகிற திருடன் என்று வையுங்கள். கூடவே வருகிற டெர் பி 2, பாக்டீரியாவைக் கண்டால் எச்சரிக்கை எழுப்புகிற நம் உடம்புப் புரதம் ஒன்றைப் போலவே உருவம் கொண்டது. எனவே நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் கூச்சல் போடுகிறது.

பெயர் வைக்கும் முறை எளிது. பேரினப் பெயரின் முதல் மூன்று எழுத்து, சிற்றினத்தின் முதல் எழுத்து, பிறகு ஓர் எண். டெர்மட்டோஃபகாய்டிஸ் என்ற பேரினப் பெயரிலிருந்து டெர். பிளாட்டெல்லா ஜெர்மானிக்கா என்ற ஜெர்மன் கரப்பானிலிருந்து பிளா ஜி. பெரிப்ளனேட்டா அமெரிக்கானாவிலிருந்து பெர் ஏ. நம் மாதிரி வெப்பநாட்டு ஊர்களில் பிளோமியா டிராபிகாலிஸ் என்று இன்னொரு மைட் உண்டு. அதன் முக்கியப் புரதம் பிளோ டி 5. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், டெஸ்ட் எடுக்கும்போது தேவைப்படும்.

புழுக்கை கனமானது என்பதில் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கிளப்பிவிட்டால் 15, 20 நிமிடத்தில் தரையில் படிந்துவிடும். தானாகக் காற்றில் மிதந்துகொண்டிருக்காது. ஏர் பியூரிஃபையரில் பணத்தைக் கொட்டியும் இரவு மூக்கடைப்பு போகாததற்குக் காரணம் இதுதான்: சரக்கு தலையணையில் இருக்கிறது, மூக்கு அதன்மேல் இருக்கிறது, மெஷின் அறை மூலையில் இருக்கிறது. பெட்ஷீட்டை உதறிப் போட்ட கையோடு பிள்ளையைப் படுக்கவைப்பதுதான் வீட்டில் நடக்கிற பெரிய தப்பு. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே விரித்துவிடுங்கள்.

முதலில் காற்றின் ஈரப்பதத்தை அளக்கிற டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வீட்டு உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பு போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் வைத்து அடைத்து, 8 முதல் 12 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது. மீட்டரைக் கட்டிலருகே வையுங்கள், ஏசிக்குக் கீழே வைத்தால் பொய் சொல்லும். ஏசி ஈரத்தைக் குறைக்கும். தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலரோ கூட்டும். இளைப்பு உள்ளவர் படுக்கும் அறைக்கு அது வேண்டவே வேண்டாம். ஓதம் ஏறின சுவரை ஒட்டிக் கட்டிலைப் போடாமல் அரை அடியாவது தள்ளிப் போடுங்கள்.

துணி துவைப்பதில் கணக்கு இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் புரதம் பெரும்பகுதி கரைந்து போய்விடும், ஆனால் மைட் தப்பித்துக்கொள்ளும். அதைக் கொல்ல 55 டிகிரிக்கு மேல் வேண்டும், 60 என்றால் உத்தமம். ஹீட்டர் உள்ள மெஷின் இல்லாதவர்கள் பிளாஸ்டிக் டப்பில் 10 லிட்டர் குழாய்த் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் 10 லிட்டர் கொதிநீரை ஊற்றுங்கள். டப்பும் துணியும் சூட்டை இழுத்ததுபோக 60 சுமாருக்கு நிற்கும். தலையணை உறை, பெட்ஷீட், போர்வை எல்லாம் அரை மணி ஊறட்டும். பிறகு வழக்கமான துவையல், இரண்டு முறை அலசல், வாரம் ஒரு தடவை. கொதிநீரை எடுத்து வரும்போது பிள்ளைகள் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது.

கரடி பொம்மையை வெந்நீரில் போட முடியாது. பாலித்தீன் கவரில் கட்டி ஃப்ரீசரில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். மைட் செத்துவிடும். அதோடு நிறுத்தினால் செத்த மைட்டும் புழுக்கையும் பொம்மைக்குள்ளேயே இருக்கும், அதனால் எடுத்த பிறகு பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு கட்டாயம்.

கோரைப் பாய் இந்த விஷயத்தில் கட்டிலையே தோற்கடிக்கும். மெல்லியது, பதுங்க இடமில்லை, இரண்டு பக்கமும் வெயில் பிடிக்கும். இலவம்பஞ்சு மெத்தை அப்படியல்ல. மொட்டை மாடியில் போட்டால் மேல்பக்கம்தான் காயும், மைட் உள்ளே இறங்கிவிடும். காலை 9 மணிக்குப் போட்டு, நடுவில் புரட்டி, கடல் காற்று ஏறுமுன் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். சாயங்காலம் வரை விட்டால் காய்ந்ததெல்லாம் திரும்ப ஈரம் பிடித்துக்கொள்ளும். மெத்தையைத் தட்டுவது அலர்ஜி உள்ளவரின் வேலை இல்லை. பழைய இலவம்பஞ்சைத் தெருவில் வைத்து அடித்துத் தரும்போதும் அவர் அந்தத் தெருவிலேயே இருக்கக் கூடாது. பஞ்சு உப்பினால் மெத்தை புதுசாகத் தெரியும், புரதம் பழசுதான். தலையணையைப் பொறுத்தவரை தயவு தாட்சண்யம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது போல, வெள்ளத்தில் முழுகிய மெத்தையைக் காயவைத்துக் காப்பாற்றவும் முயல வேண்டாம். மேலே காய்ந்தாலும் நடுவில் பூசணம் பிடித்துவிடும்.

மைட் கவர் என்று ஜிப் வைத்து விற்கும் உறை நல்லதுதான், துளை 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தால். ஆனால் உறையை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பலன் இல்லை. ஆஸ்துமா உள்ள 1,100-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், உறை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்க நகரங்களில் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. அதில் உறை, கரப்பான் ஒழிப்பு, புகைக் கட்டுப்பாடு, சுத்தம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளாததைப் பார்த்து எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். இளைப்பு நாட்கள் குறைந்தன.

இனி அடுப்படி.

நம் பேச்சில் கரப்பான் என்றால் பூச்சியும்தான், தோல் வெடித்து அரிக்கிற நோயும்தான். கருவாடும் கத்தரிக்காயும் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கச் சொல்கிற வீடுகளில், சிங்க் அடியில் ஓடுகிற கரப்பானை யாரும் கண்டுகொள்வதில்லை.

எந்தக் கரப்பான் என்று தெரியாமல் மருந்து வைக்காதீர்கள். சாக்கடை, செப்டிக் டேங்க் வழியாக வருகிற செம்பழுப்பு நிறத்தது அமெரிக்கன், நாலு சென்டிமீட்டர்வரை இருக்கும். மிக்ஸிக்கு அடியிலும் ஃப்ரிட்ஜ் மோட்டார்ப் பக்கமும் குடியிருக்கிற வெளிர்பழுப்பு ஜெர்மன், ஒன்றரை சென்டிமீட்டர், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு. அமெரிக்கனின் எச்சம் எலிப் புழுக்கை மாதிரி, ஆனால் முனை மழுங்கி வரிவரியாக இருக்கும். ஜெர்மனுடையது மிளகுத் தூள் தூவினாற்போல. பிளா ஜி 1 குடலில் உண்டாகி எச்சத்தோடு வெளியே வருவது. எச்சில், உதிர்ந்த தோல், செத்த உடல் எல்லாவற்றிலும் இப்படிப் புரதங்கள் உண்டு.

ஜெர்மனுக்கு, இரையில் விஷம் கலந்த ஜெல்தான். முதலில் அடுப்புப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். சாப்பாடு கிடைக்கிற கரப்பான் ஜெல்லைச் சீண்டாது. கீல், அலமாரி மூலை, ஃப்ரிட்ஜ் அடி, சிங்க் குழாய் சுவரில் நுழைகிற இடம் என்று உளுந்தளவுப் புள்ளிகளாக நிறைய இடத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் பெரிய உருண்டை வைப்பது வீண். தின்றது கூட்டுக்குத் திரும்பிச் சாகும்; அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற குஞ்சுகளும் சாகும். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்: ஜெல் வைத்த மறுநாளே ஒரு கரப்பானைக் கண்டதும் ஸ்பிரே அடிப்பார்கள். ஸ்பிரே வாடையில் மற்றவை இடம் மாறிவிடும், ஜெல்லை ஒன்றும் தொடாது. போதாக்குறைக்கு அந்த ஸ்பிரே புகையே இளைப்பைக் கிளப்பும். ஜெர்மன் பெண் 30, 40 முட்டை கொண்ட கூட்டைப் பொரிகிற வரைக்கும் வாலில் சுமந்து திரியும், அதனால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, ஆறு வாரம் கழித்து ஒருமுறை ஜெல்லைப் புதுப்பியுங்கள். காய்ந்துபோன ஜெல் வெறும் அழுக்கு. குழந்தை கை எட்டும் இடத்தில் எதுவும் கூடாது.

அமெரிக்கனுக்கு வழியை அடைப்பதே மருந்து. புழங்காத பாத்ரூமில் தரைத் தண்ணீர் இறங்குகிற நஹானி ட்ராப் வறண்டுபோனால் அதுதான் வாசல். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் தலையில் துருப்பிடிக்காத கம்பி வலை கட்டுங்கள், கொசுவுக்கும் அதுவே தடை. நைலான் வலை வெயிலில் மக்கிக் கிழிந்துவிடும்.

நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான் பாதி வேலையே ஆரம்பம். அலமாரிக்குள் விளக்குமாறு போட்டுக் கூட்டாதீர்கள், புரதம் தூசியோடு கிளம்பும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அந்த நெடி மூச்சைப் பிடிக்கும். அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் போடுங்கள். புரதம் இறங்க மாதக்கணக்கில் ஆகும், ஒரு வாரத்தில் வித்தியாசம் தேடாதீர்கள். சாம்பிராணிப் புகை கொசுவை விரட்டலாம். புரதத்தை ஒன்றும் செய்யாது, மூச்சுக்குழலைத்தான் எரிச்சலூட்டும்.

கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. டிரோப்போமயோசின் என்ற தசைப் புரதம் மைட், கரப்பான், இறால், நண்டு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. மைட் அலர்ஜி உள்ள சிலருக்கு இறால் தொக்கோ சென்னாக்குனியோ தின்றால் உதடு அரிப்பது இதனால்தான். கொதிக்கவைத்தாலும் இந்தப் புரதம் அழியாது. ஆனால் இதுவரை இறால் தின்று ஒன்றும் ஆகாதவர், டெஸ்டில் மைட் வந்தது என்பதற்காக இறாலை விட வேண்டியதில்லை. மீன் அலர்ஜிக்குக் காரணம் பெரும்பாலும் பார்வால்புமின் என்ற வேறொரு புரதம். மத்தியும் வஞ்சிரமும் இந்த வழக்கில் சம்பந்தப்படாதவை.

டெஸ்டுக்குப் போகிறவர்களுக்கு: ஸ்கின் பிரிக் என்றால் முன்கையில் ஒவ்வொரு அலர்ஜிப் பொருளின் சாற்றையும் சொட்டுவிட்டு லேசாகக் குத்தி 15 நிமிடம் பார்ப்பார்கள். வெறும் உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்தால் பாசிட்டிவ். செட்ரிசின், லெவோசெட்ரிசின் வகை மாத்திரைகளை டாக்டரைக் கேட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பல சளி சிரப்புகளிலும் அதே வகை மருந்து ஒளிந்திருக்கிறது, லேபிளைப் பாருங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். குத்துமுன், பட்டியலில் பிளோமியாவும் அமெரிக்கன் கரப்பானும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கடைசியாக, ஹிஸ்டமின் என்று ஒரு புள்ளி வைப்பார்கள். அது எல்லோருக்கும் தடிக்க வேண்டும். அதுவே தடிக்கவில்லை என்றால் உடம்பில் இன்னும் மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கிறது. அன்றைய "நெகட்டிவ்" எதுவும் செல்லாது, இன்னொரு நாள் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.