சவ்வின் மேல் ஒரு முடி

ஒலிப்பதிவுக் கூடத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். மைக்குக்குக் கிடைக்கும் மரியாதை ஹெட்போனுக்குக் கிடைப்பதில்லை. மைக்கைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்களே, ஹெட்போனைக் கழற்றிக் கையருகே கிடைத்த இடத்தில் மல்லாக்கப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். இத்தனைக்கும் ஒரு டைனமிக் மைக்குக்குள் இருப்பதும் ஹெட்போனில் ஒலியெழுப்பும் டிரைவர் என்ற பாகத்துக்குள் இருப்பதும் ஒரே குடும்பச் சரக்குதான். ஒரு மெல்லிய சவ்வு, அதன் முதுகில் ஒட்டிய கம்பிச் சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். முன்னது ஒலியை மின்சாரமாக்குகிறது, பின்னது மின்சாரத்தை ஒலியாக்குகிறது. 1937இல் பேயர் (இன்றைய பேயர்டைனமிக்) நிறுவனத்தின் டிடி 48 ஹெட்போன் வந்த காலத்திலிருந்து இந்த அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை.

அந்தச் சவ்வின் மேல் ஒரு முடி விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. முடி விழுந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு யாரும் என்னிடம் வருவதில்லை. "பதிவில் ஏதோ கரகரப்பு", "கேபிள் போய்விட்டது போலிருக்கிறது", "ஆம்ப்ளிஃபையரைப் பாருங்கள்" என்றுதான் வருவார்கள். எங்கள் இளம் எடிட்டர் ஒருவர், கனத்த குரல் கொண்ட ஒருவரின் பேச்சுப் பதிவில் இருந்த 'அதிர்வை' நீக்குவதற்கு அரை நாளைச் செலவழித்தார். ஃபில்டர் மேல் ஃபில்டர் போட்டதில் குரலின் கனம் போனதே தவிர கரகரப்பு முழுவதும் போகவில்லை. "ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன், சத்தம் வலது காதுக்கு மாறிவிட்டது, ஆகவே கோளாறு ஹெட்போனில்தான்" என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தார். முடிவு சரி, காரணம் தவறு. திருப்பி மாட்டினால் நம் காதில் கோளாறு இல்லை என்பது மட்டுமே தெரியவரும். கோளாறு பதிவின் இடது தடத்தில் இருந்தாலும் சத்தம் அப்படியேதான் மாறிக் கேட்கும். மிக்சரில் இடது, வலது தடங்களை ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டுக் கேட்க வேண்டும். மாற்றிய பிறகும் சத்தம் ஹெட்போனின் அதே கிண்ணத்திலிருந்து வந்தால் குற்றவாளி பதிவு அல்ல, பெரும்பாலும் ஹெட்போன்தான்.

அதற்குப் பிறகு நான் செய்வது 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலேறும் ஒரு சைன் அலையை, அதாவது கலப்பில்லாத ஒற்றைத் தொனியை, ஓடவிடுவது. பாட்டில் மறைந்துகொள்ளும் குறை இதில் மறைந்துகொள்ள முடியாது. தாழ்ந்த ஒலிகளில்தான் சவ்வு அதிகம் முன்னும் பின்னும் அசையும். முடி தட்டுவதும் அப்போதுதான். அந்த ஹெட்போனில் அலை ஐம்பது ஹெர்ட்ஸை நெருங்கும்போது காகிதத்தில் ஈ மாட்டிக்கொண்டதுபோல ஒரு படபடப்பு கேட்டது. மேலே போகப் போகக் குறைந்து, பிறகு சுத்தமாக இல்லை. பெண் குரலில் தெரியாமல் கனத்த ஆண் குரலில் மட்டும் கரகரத்ததற்குக் காரணம் இதுதான். பாவம், அந்த மனிதருடைய தொண்டையைச் சந்தேகித்திருக்கிறார்கள்.

காது மெத்தையைக் கழற்றி, அடியில் இருந்த வட்டமான ஃபோமை எடுத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நேராக அடித்தால் சவ்வின் பளபளப்பில் எதுவும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால்தான் நிழல் விழும். டிரைவருக்கு முன்னால் இருக்கும் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டின் ஒரு துளைக்குள் கண்ணிமை முடி அளவுக்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஒரு முனை துளையின் விளிம்பில் சாய்ந்திருந்தது, மறுமுனை சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலைமுடியின் தடிமன் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை இருக்கும். பல டிரைவர்களின் சவ்வு அதைவிட மெல்லியது. முடி என்று நாம் அலட்சியமாகச் சொல்வது அந்தச் சவ்வுக்கு ஒரு கம்பி.

வெறும் தூசி அநேகமாகக் காதுக்குத் தெரியாது. சவ்வின் மேல் படிந்த பொடி சவ்வோடு சேர்ந்தே அசையும். இரும்புத் துகள் கலந்த தூசிதான் வில்லங்கமானது. சுருள் அசையும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைவிடக் குறுகியது, சுற்றிலும் காந்தம். உள்ளே இழுத்துக்கொண்டதை அது திருப்பித் தராது. உலோகம் அறுக்கும், ராவும் மேசைப் பக்கம் ஹெட்போனைக் கொண்டுபோக நான் யாரையும் விடுவதில்லை. இதற்காகத் தொழிற்கூடத்து நண்பர்களிடம் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

இத்தனை ஆண்டு வேலையில் முடியால் செத்த டிரைவரை நான் பார்த்ததில்லை. முடியை எடுக்கப் போனவர்களால் செத்தவற்றைப் பார்த்திருக்கிறேன். வாக்குவம் கிளீனரின் குழாயை அருகில் கொண்டுபோனால் போதும், சவ்வு குமிழிட்டு வெளியே வரும். சுருளின் கம்பி அறுந்தால் கதை முடிந்தது. டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்யும், டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவத்தையும் சேர்த்துத் துப்பும். வாயால் ஊதினால் எச்சில். எல்லாவற்றிலும் மோசமானது எஃகு இடுக்கி. எவ்வளவு நிதானமான கையாக இருந்தாலும் டிரைவரை நெருங்கும்போது காந்தம் இடுக்கியை வெடுக்கென்று இழுக்கும், முனை நேராகச் சவ்வில் இறங்கும். நான் பிளாஸ்டிக் இடுக்கிதான் வைத்திருக்கிறேன். அதற்கும் முன்னால், ஹெட்போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கேமரா லென்ஸில் தூசி ஊதும் ரப்பர் குமிழால் கீழேயிருந்து, சற்றுத் தள்ளிப் பிடித்து மெதுவாக ஊதுவேன். பெரும்பாலும் முடி தானாகவே உதிர்ந்துவிடும். சவ்வைத் தொடாமல் துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் இடுக்கியால் எடுப்பேன். சத்தம் தராமல் உள்ளே ஏதாவது கிடந்தால் விட்டுவிடுவேன். எடிட்டர் கொண்டுவந்தது ஊதியதிலேயே விழுந்துவிட்டது. அவருக்கு அதில் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். போட்ட ஃபில்டர்களை எல்லாம் கழற்ற வேண்டியிருந்தது.

வராமல் தடுப்பது பற்றிச் சொன்னால், தலையில் இருக்கும்போது ஹெட்போனுக்கு ஆபத்து குறைவு. கழற்றி மல்லாக்கப் போட்ட பிறகுதான் அது வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. கொக்கியில் மாட்டினால் இரண்டு மெத்தைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேலே ஒரு துணிப்பை போட்டால் போதும். பின்புறம் திறந்த வகை ஹெட்போனுக்கு வலைக்கண் வழியாகவும் தூசி இறங்கும் என்பதால் பை கட்டாயம். முடி வெட்டிக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறவர்களைத்தான் எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. பொடி முடிகளே துளைக்குள் எளிதாக நுழைகின்றன. வெல்வெட் மெத்தைகளும் தங்கள் பங்குக்கு நாரை உதிர்க்கும்.

பாதுகாப்புக்கென்று வைத்த ஃபோமே வயதானால் எதிரியாகிவிடும். பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்திலும் ஒளியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, தொட்டால் கையில் ஒட்டும் கறுப்புப் பொடியாக உதிரும். அது உள்ளே விழுவதற்கு முன்பு மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது கையில் கிடைத்ததைப் போடக் கூடாது. அடர்த்தியான துணி உயர்ந்த சுருதி ஒலிகளை மழுங்கடிக்கும், 'ச', 'ஸ்' எல்லாம் மெத்தென்று ஆகிவிடும். அதற்கு ஈடுகட்டுவதாக நினைத்து மிக்ஸ் செய்கிறவர் பதிவில் அந்த ஒலிகளை ஏற்றுவார், வேறு கருவியில் கேட்கிறவர்களின் காது கூசும். மெல்லிய நைலான் வலைத்துணி கிட்டத்தட்ட எதையும் மாற்றுவதில்லை என்பது என் காதின் தீர்ப்பு. முடியைத் தடுக்க அது போதும், நுண்தூசியைத் தடுக்காது. சுருளும் காந்தமும் இல்லாமல் நிலைமின்சாரத்தால் சவ்வை அசைக்கும் எலெக்ட்ரோஸ்டாட்டிக் வகை ஹெட்போனில் தூசி சமாச்சாரமே வேறு. அங்கே சவ்வில் 580 வோல்ட் வரைகூட நின்றுகொண்டிருக்கும், அது தூசியைத் தானே தேடி இழுக்கும். அதனால்தான் தயாரிப்பாளர்களே இருபுறமும் மெல்லிய படலம் கட்டி அனுப்புகிறார்கள். அதைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

குரல் கலைஞர்கள் போடும் ஹெட்போன்கள் எல்லாவற்றுக்கும் வலைத்துணி கட்டிவிட்டேன். மிக்சிங் அறையில் இருக்கும் ஒன்றுக்கு மட்டும் கட்டவில்லை, எங்கள் மூத்த ஒலிப்பதிவாளர் விடமாட்டேன் என்கிறார். துணியோடு ஒரு முறை, துணி இல்லாமல் ஒரு முறை கேட்கவைத்தேன். வித்தியாசம் தெரிகிறது என்கிறார். எனக்குத் தெரியவில்லை. அவர் காது என் காதைவிட நல்ல காது என்பதால் அதற்கு மேல் வாதாடவில்லை. அந்த ஹெட்போனுக்குத் தனியாக ஒரு கொக்கி, ஒரு பை. வாரத்துக்கு ஒருமுறை அவர் வருவதற்கு முன்பு சைன் அலையை ஓடவிட்டுக் கேட்டுவைக்கிறேன்.