அம்பருக்குள் அடைபட்ட சிற்றுயிர்கள்

சிங்கப்பூரில் பலர் கேமரா லென்சுகளைப் பாதுகாக்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டியில், அங் மோ கியோவிலுள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், பழங்கால மரப்பிசின் இறுகிப் புதைபடிவமான அம்பரின் துண்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பால்டிக் கடற்கரையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினில் சிக்கிய சிற்றீக்களும் கொசுவினங்களும், உருப்பெருக்கியில் சிறகின் நரம்புகூடத் தெரியும் தெளிவோடு அவற்றுள் கிடக்கின்றன. முழு உடலும் இருப்பதாகத் தோன்றினாலும், பல துண்டுகளில் எஞ்சியிருப்பது புறத்தோலின் மெல்லிய படிவமும் உள்ளே வெற்றிடமும்தான்.

மியன்மாரின் கச்சின் மாநிலத்து அம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையுடையது. டைனோசர் காலத்துப் பூச்சியின் மீது எனக்கும் ஆசை உண்டு. ஆயினும் அந்தச் சுரங்கப் பகுதி ஆயுத மோதலில் சிக்கியிருப்பதால், நான் அதை வாங்குவதில்லை.

போலியைக் களைய, அடர்ந்த உப்புநீரில் துண்டை இடுவேன்: அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்லைட் என்ற பிளாஸ்டிக்கும் மூழ்கும். வயதில் மிக இளைய பிசினான கோபாலும் மிதக்கும் என்பதால், பூச்சியில்லாத ஓரத்தில் ஒரு துளி அசிட்டோன் வைத்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பு பிசுபிசுத்தால் அது கோபால். பெரிய தேளொன்று, மலிவான விலையில், துண்டின் நட்டநடுவே அழகாக அமர்ந்திருந்தால் சோதனையே தேவையில்லை; அது போலிதான்.