உங்களுக்கு வீடு இருக்குண்ணா

கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பையன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் மெஷினின் தட்டை வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்கு வீடு இருக்குண்ணா" என்றான். அதற்கு முன்னால் அவன் கேட்டது, "பயமே இல்லையாண்ணா உங்களுக்கு?" நான் சொன்னது, "எதுக்குப்பா பயப்படணும்? கர்த்தர் பாத்துப்பார்." மொத்தப் பேச்சும் இவ்வளவுதான். சில வருடங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை. ஆனாலும் இரவில் விழிப்பு வந்தால் இந்த மூன்று வரிகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. கடைசி வரி மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீனியாவில் மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டி வாசலில் நிற்கும், இன்வாய்ஸ் போட்டாகிவிடும், மிச்சம் இருப்பது இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் ஒன்றுதான். அன்றைக்குப் போக வேண்டியது கியர்பாக்ஸ் ஷாஃப்ட். டிராயிங்கில் கேட்டிருந்த கடினம் ராக்வெல் அளவில் 58 முதல் 62 ஹெச்ஆர்சி. எங்களுக்கு வந்த ரீடிங் 54, 55. ஒரே ஒரு பீஸ் 56 காட்டியது. ராக்வெல் சோதனை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ சுமையோடு இரும்பின் மேல் அழுத்துவோம். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதை வைத்து டயலில் எண் வரும். இரும்பு மென்மையாக இருந்தால் கூம்பு அதிகம் இறங்கும், எண் குறையும். பீஸின் மேல் கண்ணுக்குச் சற்றே தெரிகிற ஒரு புள்ளி மிஞ்சும். அந்தப் புள்ளியோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது. பையன் கடினம் முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டு பிளாக்கை வைத்து மெஷினைச் சரிபார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான். "மெஷின் கரெக்டா இருக்குண்ணா. பீஸ்தான் சாஃப்ட்டு."

மேனேஜர் 58, 59 என்று போட்டு அனுப்பச் சொன்னார். கஸ்டமரிடம் டீவியேஷன் கேட்கலாம், விஷயத்தைச் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்கி அனுப்பலாம் என்றேன். கேட்டால் நம் ரேட்டிங் இறங்கும் என்றார். சரி, லாட்டை மொத்தமாக மறுபடி ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு, சூடேற்றிக் கடினமாக்க, அனுப்பலாம் என்றேன். மாதம் முடிகிறது என்றார். அப்படியானால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே அது ஆச்சரியம். பள்ளியில் வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துப்போகிற ஆள் நான். அன்று நெஞ்சுக்குள் ஓர் அமைதி இருந்தது. காலையில் சங்கீதம் 27 வாசித்துவிட்டு வந்திருந்தேன். "யாருக்குப் பயப்படுவேன்" என்ற வரி அந்த அறைக்குள் என்னோடு நின்றது. இது கற்பனை இல்லை. மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

மேனேஜர் என்னோடு சண்டை போடவில்லை. பையனைக் கூப்பிட்டு, "இன்னிக்கு நீயே அப்ரூவ் பண்ணிடு" என்றார். ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு, சோதித்தவருக்கு ஒன்று, ஒப்புதல் தருபவருக்கு ஒன்று. பையன் இரண்டிலும் கையெழுத்துப் போட்டான். கான்ட்ராக்ட் ஆள். ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவன் தலையில்.

அந்த மூன்று வரிப் பேச்சு இதற்கு நடுவில் நடந்தது. மேனேஜர் அறையிலிருந்து நான் வெளியே வந்த பிறகு, அவனை அவர் கூப்பிடுவதற்கு முன். அடுத்து தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு? தெரியாது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருடம் இதே தொழிலில் இருப்பவனுக்கு அதுகூடவா தெரியாது என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அப்புறம், தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்று இன்னொரு குரல்.

எங்கள் வீட்டுக் கடன் அந்த வருடம்தான் முடிந்திருந்தது. மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். எனக்கு வேலை போனாலும் வீட்டில் சோறு நிற்காது. பையனுக்கு இதெல்லாம் தெரியும். கடன் முடிந்த அன்று டிபார்ட்மென்ட் முழுக்க மைசூர்பாக் கொடுத்தவன் நான்தானே. கர்த்தர் பார்த்துக்கொள்கிறாரோ இல்லையோ, வங்கிக்காரன் இனி உங்களைப் பார்க்க வர மாட்டான் என்பதுதான் அவன் சொன்னதற்கு அர்த்தம்.

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. சொந்த வீடு இருந்தும் நடுங்குகிறவர்கள் எத்தனை பேர்? அதே கம்பெனியில் இரண்டு வீடு வைத்திருந்த ஒருவர், முதலாளியின் கார் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். ஆக, வீடு பயத்தை எடுத்துவிடுவதில்லை. இந்தப் பதில் பகலில் நன்றாகவே வேலை செய்கிறது.

என் அப்பா கேஜிஎஃப்காரர், கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிற சுரங்கம் அது. அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறையே வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே எங்கள் வீட்டில் பாத்திரம் அதிரும். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று சங்கீதம் 23 சொல்வார். "மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்ற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துவார். சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு அது அவர் வேலைக்குப் போகிற வழியைப் பற்றிய பேச்சு. பயம் இல்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பார்.

அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது சுரங்கத்தை மூடியபோது. 2001 பிப்ரவரி 28. நாங்கள் இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸ். அவ்வளவு ஆழம் போய் வந்த மனிதர், "வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய விசுவாசம் அன்றைக்குக் குறைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாறை விழுந்தால் போவது அவர் ஒருவர். குவார்ட்டர்ஸ் போனால் தெருவில் நிற்பது குடும்பம். அதற்குப் பிறகு விடிவதற்கு முன் மாரிகுப்பம் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். வீடு என்றால் என்ன என்று பையன் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவேளை அதனால்தான் இவ்வளவு உறைக்கிறதோ என்னவோ.

எங்கள் மெதடிஸ்ட் சபையில், அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கப்பல் கதையை அடிக்கடி சொல்வார்கள். 1736 ஜனவரி. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போகிற கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. பெரிய பாய் கிழிந்துபோய், தளங்களுக்கு நடுவே தண்ணீர் கொட்டுகிறது. ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள். அதே கப்பலில் இருந்த மொரேவியர்கள் என்ற ஜெர்மன் சபையார், ஆரம்பித்த சங்கீதத்தை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் கேட்கிறார், பயமாக இல்லையா? இல்லை. உங்கள் பெண்களும் பிள்ளைகளும்? அவர்களும் சாகப் பயப்படுவதில்லை. குருப்பட்டம் பெற்றிருந்தும் தன்னிடம் இல்லாதது இவர்களிடம் இருக்கிறதே என்று வெஸ்லி ஆடிப்போகிறார்.

பையன் கேட்டதும் அதே கேள்விதான், நான் சொன்னதும் அதே பதில்தான். ஆனால் மொரேவியர்கள் இருந்த கப்பலில்தான் வெஸ்லியும் இருந்தார். அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்கள். தண்ணீர் எல்லோர் மேலும் கொட்டியது. நானும் பையனும் அப்படியா இருந்தோம்? நான் கரையில் நின்றுகொண்டு சங்கீதம் பாடியிருக்கலாம். 1738 மே 24 இரவு லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஜெபக் கூட்டத்தில் தன் உள்ளம் அனல்கொண்டதாக எழுதிய வெஸ்லி, வீடு திரும்பிய பிறகும் சோதனைகள் வந்து மோதின என்று அதே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சபையில் அந்தப் பகுதியை அதிகம் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

பையனுக்கு வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். "எனக்கும் பயம்தாம்பா" என்றிருக்கலாம். ஆனால் அன்று பயம் இல்லையே, பொய்யாகிவிடும். "நீயும் போடாதே" என்றிருக்கலாம். எந்த உரிமையில்? "உன் கடன்ல ஒரு பங்கு நான் பாத்துக்கறேன், நீ போடாதே" என்று சொல்லியிருந்தால் அது ஒரு பேச்சு. அப்போஸ்தலர் நடபடிகள் நாலாம் அதிகாரத்தில் ஜெபம் பண்ணினவர்கள் பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டுத் தைரியமாய்ப் பேசினார்கள் என்று வருகிறது. அதற்குச் சில வரிகள் தள்ளி, வீடும் நிலமும் உள்ளவர்கள் அவற்றை விற்றுக் கொண்டுவந்தார்கள், அதனால் அவர்களில் ஒருவருக்கும் குறைவில்லை என்று இருக்கிறது. தைரியத்தையும் வீட்டையும் அதை எழுதிய லூக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார். நான் முதல் வசனத்தைத்தான் கோடு போட்டு வைத்திருந்தேன். வீட்டை விற்க இன்றைக்கும் நான் தயாரில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மனைவிக்கு இது எரிச்சல். "நீங்க போட்டிருந்தா மட்டும் அந்தப் பையன் உருப்பட்டிருப்பானா?" என்று கேட்பாள். நியாயம்தான். பொய்க் கணக்கை நான் எழுதினாலும் பொய், அவன் எழுதினாலும் பொய். அந்த லாட் போய்ச் சேர்ந்தது. நான் அங்கே இருந்தவரை புகார் எதுவும் வரவில்லை. தேய்மானம் மெதுவாகத்தான் தெரியும், தெரிந்தாலும் எந்த லாட் என்று யார் தேடப் போகிறார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். புகார் வரவில்லையே என்று ஒருவன் வருத்தப்படுகிறான் என்றால், அவன் மனசில் வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

சபையில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். பயம் என்னைவிட்டு நீங்கியது என்று முடித்தபோது அல்லேலூயா என்றார்கள். பையனைப் பற்றிச் சொல்லவில்லை. சாட்சிக்குக் கொடுப்பதே இரண்டு நிமிடம். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது, கேஜிஎஃப் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்து மகனோடு இருக்கும் ஒரு வயதான அம்மா, மைன்ஸில் கணவரைப் பறிகொடுத்தவர், "அந்தத் தாள்ல கடைசில யாரு தம்பி கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டார். "வேற ஒருத்தர்ம்மா" என்றேன். "ம்" என்று பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

பையன் இந்து. ஆனால் வியாழக்கிழமை தவறாமல் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போவான். வியாழனன்று அங்கே எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். அவன் வேண்டிக்கொண்டது பெர்மனென்ட் வேலை. சுரூபத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது, அதனால் உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்திருக்கிறேன். அந்த மாதக் கடைசி முடிந்து கொஞ்ச காலத்தில் அவனுக்கு ஆர்டர் வந்தது. லட்டு கொண்டுவந்தான். "குழந்தை இயேசு கேட்டுட்டார்ண்ணா." நான் அப்போது ஸ்டோர்ஸில் இருந்தேன், அங்கே மாற்றியிருந்தார்கள். லட்டைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. யார் ஜெபம் எப்படிக் கேட்கப்பட்டது என்ற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அது நான் போட வேண்டிய கணக்கு இல்லை என்பதும் தெரியும்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில், புயலில் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார் இயேசு. அதே மாற்குவில், சிலுவைக்கு முந்தின இரவு, கெத்செமனே தோட்டம் வரும்போது "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று இருக்கிறது. பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டது தூங்குகிற இயேசுவை. அமைதிதான் விசுவாசத்துக்கு அடையாளம் என்று நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் அவர் பயந்தார், பயந்தும் எழுந்து போனார். பையன் பயந்தான், கையெழுத்துப் போட்டான். நான் பயப்படவில்லை, போடவில்லை. பயந்துகொண்டே போடாமல் இருந்த ஒருவன் கிடைத்தால் அவனிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்போது நான் வேறொரு இடத்தில் கான்ட்ராக்டில் இருக்கிறேன். மகளின் படிப்புக்காக வீட்டை வைத்து மறுபடியும் கடன் வாங்கியிருக்கிறோம். மாதக் கடைசி இங்கேயும் வருகிறது. சிக்கலான லாட் எதுவும் இதுவரை என் மேஜைக்கு வரவில்லை. காலையில் அதே சங்கீதத்தைத்தான் வாசிக்கிறேன். அமைதி வருகிறது, சில நாள் வராமலும் போகிறது. போன கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட பையனிடம், அந்த மாதிரி ரிப்போர்ட் இப்போது வந்தால் நான் என்ன செய்வேன் என்று நினைக்கிறாய் என்று விளையாட்டாகக் கேட்டேன். "நீங்க போட மாட்டீங்கண்ணா" என்றான் உடனே. கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.